கான்டெஸாவா, பழைய பென்ஸா? மதுரையில் வைத்துக் காப்பாற்ற எது தோது

பென்ஸை விற்றுவிட்டேன். கான்டெஸா இன்னும் வீட்டில் நிற்கிறது. இருந்தாலும் "ரெண்டில் எதை வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் பென்ஸை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இது என்ன நியாயம் என்று என் மச்சினன் போன வாரம் சண்டைக்கே வந்துவிட்டான். அவன் போனில் இரண்டு படங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் வெள்ளை கான்டெஸா கிளாசிக் ஒன்று. தேனியில் ஒருவரிடம் இருக்கும் கருநீல பென்ஸ் இ 220 இன்னொன்று. கேட்கிற விலை ஏறக்குறைய ஒன்றுதான். "மாமா, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க, அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துர்றேன்" என்றான். "மாப்ள, முதல்ல உக்காரு" என்றேன். அன்று இரவு பேசியதுதான் இந்தக் கட்டுரை. இதே இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

நெடுந்தூரம் அலுங்காமல் போவதற்கென்றே செய்த சொகுசு கார்களை வெளிநாட்டில் கிராண்ட் டூரிங் கார் என்பார்கள். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, ஏலத்தில் கோடிக்கணக்கில் விலை. நமக்கு அதெல்லாம் காலண்டர் படம். மதுரையில் அந்த வேலையைச் செய்தவை நான்கு கதவுக் கார்கள்தான். ஒரு காலத்தில் கான்டெஸா, அடுத்த காலத்தில் பென்ஸ்.

இரண்டும் எங்கிருந்து வந்தன

கான்டெஸா 1984-இல் வந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. ஆனால் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர். அது 70-களின் தொடக்கத்தில் வரைந்த உருவம். முதலில் வந்த வண்டிகளில் அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினையே தூக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்ன இன்ஜின் இழுத்த அழகைப் பார்த்தவர்கள் இப்போதும் சிரிப்பார்கள். 80-களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசூசு இன்ஜின் வந்தது. 1817 சி.சி., ஏறத்தாழ 88 குதிரைத்திறன், ஐந்து கியர். கான்டெஸா கிளாசிக் என்று பெயர் வாங்கியது அந்த வண்டிதான். 2002-இல் உற்பத்தி நின்றது.

பென்ஸ் என்று இங்கே நான் சொல்வது டபிள்யூ 124 என்கிற உருவத்தை. ஜெர்மனியில் 1984 கடைசியில் வெளியானது. இந்தியாவில் 1995 முதல் புனேயில் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து செய்தார்கள். இ 220 பெட்ரோல் 2199 சி.சி., 150 குதிரைத்திறன். இ 250 டி டீசல் 2497 சி.சி., ஐந்து சிலிண்டர்.

வெளிவந்த ஆண்டு இரண்டுக்கும் 1984 என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்று தாத்தா காலத்துச் சட்டையை வெட்டித் தைத்துப் போட்டது, மற்றது அந்த வருஷம் புதிதாக அளவெடுத்துத் தைத்தது. இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது மைலேஜும் மறுவிற்பனை விலையும். இரண்டையும் நான் கடைசியில் வைப்பேன். மாதம் 200 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மைலேஜ் பார்ப்பது, வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் பட்டு வேட்டிக்குச் சோப்புச் செலவு பார்ப்பது மாதிரி.

நான் பார்க்கச் சொல்வது இவை:

- உடைந்தால் அந்தப் பாகம் கிடைக்குமா, கிடைத்தால் என்ன விலை
- வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்த வண்டியின் நோய் தெரிந்த ஆள் இருக்கிறாரா
- ஆர்.சி. யார் பெயரில், எந்த மாநிலத்தில், எதுவரை செல்லும்
- நம் ஊர் வெயிலும் இன்றைய பெட்ரோலும் ஒத்துக்கொள்ளுமா
- எங்கே ஓட்டப் போகிறீர்கள்: திருச்சி நான்குவழிச் சாலையிலா, கீழமாசி வீதியிலா, கொடைக்கானல் மலையிலா

முதல் இரண்டும்தான் கனமானவை.

கான்டெஸா: இன்ஜினுக்குப் பயப்படாதே, தகரத்துக்குப் பயப்படு

இசூசு இன்ஜின் ஒரு நல்ல விஷயம். அதே 1.8 இன்ஜினைத்தான் பின்னால் அம்பாசிடரிலும் வைத்தார்கள். அம்பாசிடர் 2014 வரை வந்தது. அதனால் வாட்டர் பம்ப், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் என்று எதைக் கேட்டாலும் பழைய டாக்ஸி மெக்கானிக்குகளுக்கு இடம் தெரியும். டி.வி.எஸ். தொடங்கிய ஊர் இது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வீட்டு வாசலிலேயே பட்டறை போட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும். புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்துகூடப் போட்டுவிடலாம்.

பிரச்சினை உடம்பில். முன் மட்கார்டின் அடி, கதவுகளின் கீழ் மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், கண்ணாடி ரப்பருக்கு அடியில் உள்ள விளிம்பு, இந்த இடங்களில் துரு பிடிக்காத கான்டெஸாவை நான் பார்த்தது குறைவு. பார்த்த பலவற்றில் துரு தெரியாமல் பட்டி என்கிற பூச்சுச் சாந்தைப் பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மேலூர் வண்டியைப் பார்க்கப் போகும்போது மச்சினனிடம் ஒரு சின்னக் காந்தத்தைக் கொடுத்துவிட்டேன், பிரிட்ஜில் ஒட்டுவது. அதைத் துணியில் சுற்றி மட்கார்டில் வைத்தால் நல்ல தகரத்தில் 'டக்' என்று பிடிக்கும். பட்டி கனமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே விழும். அவன் போன் செய்தான்: "மாமா, எடது பக்கம் மூணு எடத்துல விழுந்துருச்சு." மூன்று இடம் என்றால் இடது பக்கம் முழுவதையும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

சரி, தகரத்தை நல்ல டிங்கர் வெட்டி ஒட்டிவிடுவார். ஆனால் அவரால் செய்ய முடியாதவையும் உண்டு: பின் விளக்குக் கண்ணாடி, கிரில், கதவு பீடிங் ரப்பர், குரோம் பட்டைகள், முன் கண்ணாடி. வேறு எந்தக் காருடையதும் இதில் பொருந்தாது. இங்கிலாந்தில் அதன் தாய்வண்டியே 1978-இல் நின்றுபோனது, அங்கே தேடியும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. என் வண்டியின் வலது பின் விளக்கை ஒருநாள் வாசலில் நின்றபோதே ஒரு டி.வி.எஸ். 50 இடித்துவிட்டது. ஓட்டி வந்த பெரியவர் இறங்கி, உடைந்த சிவப்புச் சில்லுகளைத் துண்டில் பொறுக்கி என் கையில் கொடுத்து, "ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிருங்க தம்பி" என்றார். சிரித்துவிட்டு உள்ளே போனேன். மூன்று மாதம் தேடினேன். இங்குள்ள பழைய இரும்புக் கடைகள், சென்னை புதுப்பேட்டை எல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் நான் செய்தது அதுதான். வெயில் படும் கோணத்தில் பார்த்தால் ஒட்டிய கோடுகள் இப்போதும் தெரியும்.

மறைவான செலவு என்றால் இதுதான். நூறு ரூபாய்ப் பொருளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சென்னைப் பயணமும். பணம் கையில் இருந்தும் பாகம் கிடைக்காது. அதனால் கான்டெஸா வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்ஜின் கெட்டு உடம்பு முழுசாக இருக்கிற வண்டியை வாங்குங்கள். நன்றாக ஓடுகிற, ஆனால் கிரில் இல்லாத, பீடிங் கிழிந்த வண்டியை வாங்காதீர்கள். புரோக்கர் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார், "ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆகும் சார்" என்று.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் இதற்குச் செய்தவை அல்ல. ஊறி, மெதுவாகிப் பிசுபிசுக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். வாங்கிய முதல் வாரமே டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டுவிடுங்கள். பழைய ஹோஸ் கசிந்து சூடான இன்ஜின்மேல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது.

ஓட்டம் எப்படி? சோபாவில் உட்கார்ந்து போவது மாதிரி. 80-இல் போகும்போது இதைவிடச் சுகமான வண்டி இல்லை என்று தோன்றும். 100 தாண்டினால் ஸ்டீயரிங்கில் கொஞ்சம் தள்ளாட்டம், காற்று இரைச்சல். கொடைக்கானல் இறக்கத்தில் இரண்டாவது கியரை விடாதீர்கள். முன்சக்கரத்தில் மட்டும்தான் டிஸ்க் பிரேக், சூடேறினால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். சித்திரைத் திருவிழா சமயம் கோரிப்பாளையம் பக்கம் போக வேண்டியிருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். வெப்ப முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அழகரைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தைக் கெடுத்துவிடும்.

பென்ஸ்: பாகம் கிடைக்கும், பில்லைப் பார்க்கத் தைரியம் வேண்டும்

டபிள்யூ 124 உலகம் முழுக்க 25 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி. இந்த ஒரு எண்ணிக்கைதான் அதன் பெரிய பலம். அவ்வளவு வண்டி ஓடினால் பாகம் செய்கிறவர்களும் இருப்பார்கள். பாக எண்ணைச் சொன்னால் கம்பெனியிலேயே இன்றும் பல பாகங்கள் வரும், அதற்கு வெளியே செய்பவர்களும் ஐரோப்பாவில் நிறைய. பின்விளக்கு உடைந்தால் ஃபெவிகுவிக் தேவைப்படாது. ஆனால் சுங்க வரியும் கூரியரும் சேர்ந்தால் சில சமயம் பாகத்தின் விலைக்கே இணையாக வந்து நிற்கும்.

உடம்பு வேறு ரகம். கதவை மூடும்போது வரும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். காந்தம் பெரும்பாலும் பிடிக்கும். ஒற்றை வைப்பர்தான், ஆனால் அது நேராகச் சுற்றாமல் நீண்டு சுருங்கிக் கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும். ஐப்பசி மழையில் முதல் முறை போடும்போது வீட்டுப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள்ளே ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, அதற்குக் கிரீஸ் வேண்டும். யாரும் வைப்பதில்லை.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்.

முதலாவது வயரிங். 90-களின் முதல் பாதியில் மண்ணில் மக்கிப்போகிற மாதிரி ஒரு உறையை இன்ஜின் வயர்களுக்குப் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். மண்ணுக்குப் போவதற்கு முன் வண்டியிலேயே மக்கிவிட்டது. பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சூட்டில் அந்த உறை பிஸ்கட் மாதிரி உதிரும். தேனி வண்டியைப் பார்க்கும்போது பானட்டைத் திறந்து வயர்க் கட்டின் மேலுறையைக் கொஞ்சம் ஒதுக்கி உள்ளே பார்க்கச் சொன்னேன். உதிர்ந்தால் முழுக் கட்டையும் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் டேப் சுற்றித் தருகிறேன் என்பார், விடாதீர்கள். ஒரு வயர் மற்றொன்றைத் தொட்டால் கம்ப்யூட்டர் பெட்டியும் போய்விடும்.

இரண்டாவது ஏ.சி. குளிர்விக்கும் காயில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது ஓட்டையானால் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். காயில் விலையைவிடக் கூலி அதிகம். மே மாத மதியம் ஒரு மணிக்கு வண்டியைப் பார்க்கப் போங்கள், காலையில் போகாதீர்கள். அரை மணி நேரம் ஏ.சி. போட்டு ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது வேக்வம், அதாவது காற்றை உறிஞ்சி வேலை வாங்கும் குழாய்கள். இந்தக் காரில் கதவுப் பூட்டு காற்றழுத்தக் குழாயில் வேலை செய்கிறது. டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் இன்ஜினை நிறுத்துவதும் அதே மாதிரி ஒரு குழாய்தான். என்னுடையது இ 250 டி. காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டப வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவி கையில், வண்டி பாட்டுக்கு ஓடுகிறது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், "சாவி கையில இருக்கு, வண்டி ஓடுது, பேய் கீய் பிடிச்சிருக்கா தம்பி?" என்றார். பட்டுவேட்டியோடு பானட்டைத் திறந்து பம்பிலுள்ள நெம்புகோலை அழுத்தி நிறுத்தினேன். கைக்கரி வேட்டியில். மதுரைக்கு வந்து காட்டினால் ஒருவர் பம்பை மாற்ற வேண்டும் என்றார், இன்னொருவர் சாவி போடும் பூட்டையே மாற்ற வேண்டும் என்றார். மூன்றாவது ஆள் இரண்டு நாள் தேடி, ஒரு முழ நீள ரப்பர்க் குழாயில் விரிசல் கண்டுபிடித்தார். குழாய் நூற்றுச் சொச்சம். தேடியதற்குக் கூலி அதைப்போல் இருபது மடங்கு. அவருக்குக் கொடுத்தது எனக்கு வருத்தமே இல்லை. முதல் இருவருக்கும் கொடுத்ததுதான் வருத்தம்.

அவர் இரண்டு வருஷத்தில் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். நான் வண்டியை விற்றதற்குக் காரணம் அதுதான். வண்டிமேல் குறை ஒன்றுமில்லை.

மற்றபடி, அந்த வண்டியை நான்குவழிச் சாலையில் ஓட்டியவர்கள் வேறு ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். சென்னைக்கு 460 கிலோமீட்டர் போய் இறங்கினால் முதுகு வலிக்காது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தண்டுகள் பிடித்திருக்கும். மேடு பள்ளத்தில் வண்டி அசையாமல் போவதற்கு அதுதான் காரணம். அந்தப் பத்துத் தண்டின் புஷ்களும் தேய்ந்தால் பின்பக்கம் நண்டு மாதிரி நகர்வதற்கும் அதுதான் காரணம். செட்டாக மாற்ற வேண்டும். கான்டெஸாவைவிட நீளம், 4.74 மீட்டர். இருந்தும் முன்சக்கரம் நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால், கோயிலைச் சுற்றிய சந்துகளில் கான்டெஸா இரண்டு தடவை பின்னால் வந்து திரும்பும் இடத்தில் பென்ஸ் ஒரே தடவையில் திரும்பிவிடும். இதை நானே முதலில் நம்பவில்லை.

டீசலா, பெட்ரோலா? டீசல். எத்தனால் தொல்லை இல்லை, வயரும் குறைவு. மெதுவாகத்தான் போகும், அதனால் என்ன.

காகிதம்

இதில் இரண்டும் ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டேஜ் என்று பதிய 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கான்டெஸாவில் மிகப் பழையதுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும், புனே பென்ஸுக்கு 2045. அதுவரை சாதாரணப் பழைய கார்தான்: 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி தனி. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-இல் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். இறக்குமதி கார் என்றால் 80,000. டபிள்யூ 124-இல் இறக்குமதியாக வந்தவையும் உண்டு, அதனால் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்ததால் அங்கிருந்து பென்ஸ்கள் மலிவாகத் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லை என்ற சான்று) கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே வரி கட்டி நம்பர் மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு பாதியாகக் குறையும்.

மூன்றாம் நபர் காப்பீடு 1500 சி.சி.க்கு மேல் ஆண்டுக்கு 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 1489 சி.சி. கான்டெஸாவுக்கு மட்டும் 3,416. அந்த வண்டியை வாங்க இது ஒன்றுதான் காரணம் என்றால் வாங்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | கான்டெஸா கிளாசிக் 1.8 | பென்ஸ் டபிள்யூ 124 |
|---|---|---|
| இன்ஜின் வேலை | தெருமுனை மெக்கானிக் போதும் | பழக்கப்பட்ட ஆள் வேண்டும் |
| உடம்புப் பாகம் | தேடி அலைய வேண்டும் | கிடைக்கும், விலை உண்டு |
| பெரிய பயம் | துரு, பட்டி | வயரிங், ஏ.சி., வேக்வம் |
| இன்றைய பெட்ரோல் | ஹோஸ், டேங்க் வேலை அவசியம் | டீசலுக்குக் கவலையில்லை |
| நெடுஞ்சாலை | 80 வரை சுகம் | நாள் முழுக்க 100 |
| நடுவழியில் நின்றால் | பெரும்பாலும் அங்கேயே சரியாகும் | பெரும்பாலும் லாரியில் ஏறும் |

யாருக்கு எது

வருஷத்தில் நாலைந்து தடவை குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர், வாங்கும் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறவர், பழைய பென்ஸ் பார்க்கும் ஆள் ஒருவரின் போன் நம்பர் கையில் உள்ளவர்: டீசல் பென்ஸ். என்னிடம் கேட்கும் பலர் இந்த வகைதான். காரை ஓட்டத்தான் ஆசைப்படுகிறார்கள், கழற்றிப் பார்க்க அல்ல.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க லுங்கியோடு காருக்கடியில் கிடக்கப் பிடித்தவர், திருமங்கலம் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தாலே திருப்தியடைகிறவர், அருகில் நல்ல டிங்கர் உள்ளவர்: கான்டெஸா. நான் அதை வைத்திருப்பதும் அதனால்தான். ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு டிங்கர் அண்ணன், மட்கார்டு விளிம்பை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். பட்டி என்ற சொல்லே அவர் கடையில் பிடிக்காது. "பட்டி பூசுறதுக்கு நா எதுக்குண்ணே, கொத்தனாரக் கூப்புடுங்க" என்பார். அவர் இருக்கும் வரை என் கான்டெஸா இருக்கும்.

மேற்கூரையில்லாத இடத்தில் காரை நிறுத்துகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். வெயிலில் பென்ஸின் டேஷ்போர்டு வெடிக்கும், மழையில் கான்டெஸாவின் கதவு அழுகும். வேப்பமரத்து நிழல் என்றால் இன்னும் மோசம். பங்குனியில் உதிரும் பூவும் சருகும் வைப்பருக்குக் கீழே உள்ள தண்ணீர்த் துளையை அடைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் கார்ப்பெட்டுக்கு அடியில் குளம்.

இதைச் சொன்னபோதுதான் மச்சினன் அமைதியானான். அவன் வீட்டு வாசலில் நிற்பது வேப்பமரம்தான், கொட்டகை கிடையாது. மறுநாள் காலை அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கார் படம் இல்லை. தகர ஷீட்டுக்கும் இரும்புப் பைப்புக்கும் கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். கீழே ஒரே வரி: "மாமா, 16 அடி போதுமா, 18 போடணுமா?"

18 போடச் சொன்னேன். பென்ஸ் வந்தாலும் டிக்கியைத் திறக்க இடம் வேண்டுமே.